மதிப்பீட்டுப் படிவத்தில் 'மனப்பாங்கு' என்று எழுதிவிட்டால் கோச்சிங்குக்குப் போகலாமா?

திருகோணமலையில் தனியார் வங்கிக் கிளையொன்றின் கடன் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: கடந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் உங்கள் முகாமையாளர் 'மனப்பாங்கை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி எழுதினார், அதன் பின் நிலாவெளியில் ஒரு விடுதியில் நடந்த ஒருநாள் செயலமர்வுக்கு அனுப்பினார்கள், அங்கே கைதட்டிப் பாடி, பலூன் உடைத்து, உற்சாகமாகத் திரும்பிய நீங்கள் இரண்டாவது வாரமே பழைய நிலைக்கு வந்துவிட்டீர்கள், இப்போது அறிமுகமான ஒருவர் ஆறு அமர்வுகள் கொண்ட தனிப்பட்ட கோச்சிங்குக்கு 75,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா, கொடுத்தால் வேலை உண்மையில் மேம்படுமா? இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. 'குறை என்னிடமா, என் வேலையிலா?' என்பதே அது. அதை விட்டுவிட்டு முதற் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொன்னால், உங்கள் பணத்தை வைத்து நான் சூதாடியதாகிவிடும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த விடயத்தில் எனக்கு ஒரு சார்பு உண்டு. 22 ஆண்டுகள் வங்கித் துறையில் இருந்தேன். அதில் 9 ஆண்டுகள் கிளை முகாமையாளராக. உங்களுக்கு எழுதப்பட்டது போன்ற வரிகளை நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன். வேலையை விடுவதற்குச் சிறிது காலம் முன்பு கோச்சிங்கை முறையாகக் கற்றேன். கடந்த 11 ஆண்டுகளாக இந்த ஊரிலேயே வங்கி, கச்சேரி, சுற்றுலா விடுதி, துறைமுகத்தை அண்டிய தொழிற்சாலை எனப் பல இடங்களில் வேலை செய்வோருடன் தனித்தனியாக அமர்ந்து பேசுவதே என் தொழில். ஆகவே கோச்சிங் பயன்தரும் என்று சொல்வதில் எனக்கு வருமானம் இருக்கிறது. கீழே நான் சொல்வதில் அதற்கான கழிவைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

கோச்சிங் என்பதற்கு ஒட்டிய தமிழ்ச்சொல் இன்னும் அமையவில்லை. பயிற்சி என்றால் வளவாளரும் வெண்பலகையும் நினைவுக்கு வருகின்றன. உளவளத்துணை என்றால் அது வேறு தொழில். ஆங்கிலச் சொல்லின் பயணமோ சுவையானது. ஹங்கேரியில் கொச் என்ற ஊரில் செய்யப்பட்ட குதிரைவண்டியின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவி, 1830களில் ஒக்ஸ்போர்ட் மாணவர் பேச்சில், பரீட்சையைத் தாண்டவைக்கும் தனி ஆசிரியருக்குப் பட்டப்பெயராகி, அங்கிருந்து விளையாட்டுத் திடலுக்குப் போனது. நம்மூர்ப் பெரியவர்கள் ரயிலைக் கோச்சி என்பார்களே, அதுவும் அதே வண்டிதான். அலுவலகத்துக்குள் இந்த முறை வந்ததும் விளையாட்டு வழியாகத்தான். 1970களில் கலிபோர்னியாவில் டெனிஸ் கற்பித்த திமோதி கால்வே, தோளைத் திருப்பு, மணிக்கட்டை இறுக்கு என்று கட்டளையிடுவதைக் குறைத்துக்கொண்டு, பந்து எப்போது தரையில் படுகிறது, எப்போது மட்டையில் படுகிறது என்பதைக் கவனித்துச் சொல்லும்படி கேட்டார். ஆட்டக்காரர்கள் அப்படி விரைவாகத் தேறுவதைக் கண்டார். அவரிடம் கற்ற பிரித்தானியக் கார்ப்பந்தய வீரர் ஜோன் விட்மோர் அதை 1980களில் நிறுவனங்களுக்குள் கொண்டுசென்றார். எதை அடைய வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறீர்கள் என்று இன்று கோச்மார் வரிசையாகக் கேட்கும் நான்கு கேள்விகள் அந்தக் காலத்து வரவு. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது ஒன்றுதான்: கால்வேயின் மாணவர்களுக்கு முன்னால் ஒரு பந்து இருந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய, அடித்தால் எங்கே விழுந்தது என்று தெரியக்கூடிய பந்து. அலுவலகக் கோச்சிங் பெரும்பாலும் கெட்டுப்போவது பந்தை எடுத்துவிட்டு மனத்தைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கும்போதுதான்.

ஆகவே ஒருவர் 'மனப்பாங்கு' என்ற சொல்லோடு என்னிடம் வந்தால், அந்தச் சொல்லை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, கடந்த இரண்டு வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், எதைச் செய்தீர்கள் அல்லது செய்யாமல் விட்டீர்கள் என்று கேட்பேன். இதற்கு விடை வர ஒரு மணி நேரம் பிடிக்கும். சிலரிடம் இரண்டு அமர்வுகள் பிடிக்கும். விடை வந்தபின் பார்த்தால், மனப்பாங்கு என்று பெயரிடப்பட்டதில் கணிசமான பங்கு வேறு ஏதோ ஒன்றாக இருக்கும். செய்யத் தெரியாததால் செய்யாமல் இருப்பவர் உண்டு. அவருக்குத் தேவை அந்த வேலையைக் காட்டிக்கொடுக்க ஒருவர். செய்யத் தெரிந்தும், வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தால் செய்ய முடியாதவர் உண்டு. தெரிந்தும் முடிந்தும் கை போகாதவரும் உண்டு. கோச்சிங் என்ற பெயரில் நாம் விற்பது உண்மையில் இந்தக் கடைசி ஆளுக்கானது. ஆனால் வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் முதலிரு வகையினர் என்பது என் அனுபவம். எண்ணி வைத்த கணக்கு என்னிடம் இல்லை, கைப்பழக்கத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும், நீங்களும் கடன் பிரிவில் இருப்பதால். அறவீட்டுப் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிசம்பர், ஜனவரி இலக்கைத் தவறவிட்டு, 'போராடும் குணம் இல்லை' என்ற குறிப்போடு என்னிடம் அனுப்பப்பட்டார். அவருடைய கடனாளிகளில் பெரும்பாலோர் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து விவசாயிகளும் திருக்கடலூர் மீனவர்களும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் அடிக்கும், சிறு வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பெரும்போக நெல் மாசி, பங்குனியில்தான் கைக்கு வரும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு ஆள் சேர்வது சித்திரைக்குப் பிறகு. ஆனால் இலக்கோ கொழும்பில் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போடப்பட்டது. மார்கழியில் கடற்கரையில் நின்று எவ்வளவு போராடினாலும் கவிழ்த்துவைத்த வள்ளத்திலிருந்து தவணைப் பணம் வராது. நாங்கள் இருவரும் செய்தது, அவருடைய மூன்று ஆண்டு அறவீட்டை மாதவாரியாக ஒரு தாளில் போட்டதுதான். ஆண்டுத் தொகையில் ஒரு ரூபாயும் குறைக்காமல் மாதப் பங்கீட்டை மட்டும் மாற்றித் தருமாறு அவர் முகாமையாளரிடம் கேட்டார். முழுவதும் கிடைக்கவில்லை, பெரும்பகுதி கிடைத்தது. அவருக்கு நான் தேவைப்பட்டது இரண்டே அமர்வுகளுக்கு. மூன்றாவது அமர்வை நான்தான் வேண்டாம் என்றேன்.

மூன்றாம் வகை இதைவிடச் சிக்கலானது, அங்கேதான் என் தொழிலுக்கு வேலை இருக்கிறது. ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று ஊகிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயது, ஒரு நிறுவனத்தின் பிராந்திய அலுவலகத்தில் இரண்டாம் நிலை அதிகாரி. மாதந்தோறும் தலைமை அலுவலகத்துடன் சூமில் மீளாய்வுக் கூட்டம். ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் சிங்களத்துக்குச் சரியும், பிறகு மறுபடி ஆங்கிலம். இவர் அதில் வாயே திறப்பதில்லை. இரண்டு முறை பதவியுயர்வு தள்ளிப்போனது. காரணம் 'தன்னம்பிக்கை போதாது'. முதல் அமர்வில் அவரே தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்: "எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் சேர்." ஆனால் இதே பெண் கந்தளாய்ச் சந்தையில் மொத்த வியாபாரிகளோடு விலை பேசி, சொன்ன விலைக்கு வாங்கி வருகிறவர், பிள்ளையின் பாடசாலையில் பெற்றோர் கூட்டத்தை நடத்துகிறவர். கூச்சம் பிறவிக்குணமென்றால் சந்தையில் எங்கே போயிற்று?

கடைசிக் கூட்டத்தை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னது இது: "எங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்கள். நான் மைக்கைத் திறந்தேன். நிலுவை ஏன் கூடியது என்பதற்கான காரணம் எனக்குத்தான் தெரியும். அதைத் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் வசனம் கட்டி, காலத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் எங்கள் முகாமையாளர் பதில் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் மைக் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடினேன்." அந்த மூடுதலை அவர் விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். பந்து எங்கே விழுகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெயர் சொல்லப்படுவதற்கும் முகாமையாளர் பேசுவதற்கும் இடையே உள்ள நான்கைந்து வினாடிகள், அவ்வளவுதான் விடயம். தன்னம்பிக்கையைப் பற்றி ஆறு மாதம் பேசியிருந்தாலும் அந்த நான்கைந்து வினாடிகளுக்குள் நாங்கள் போயிருக்க மாட்டோம்.

செய்தது மூன்று காரியம். முதல் பதிலின் ஆரம்ப வரியை முன்கூட்டியே எழுதி, அரைத் தாளில் அச்சடித்து, மடிக்கணினித் திரைக்குக் கீழே ஒட்டினார்: நிலுவை இவ்வளவு, போன மாதத்தைவிட இவ்வளவு கூட, முதற் காரணம் இது. பிறகு ஒரு தீர்மானம்: தலைவர் எங்கள் அலுவலகத்தின் பெயரை உச்சரித்தவுடன் அந்த வரியை வாசித்துவிடுவேன், முழு விளக்கமும் தலைக்குள் அமையும்வரை காத்திருக்க மாட்டேன். மூன்றாவதுதான் கடினமானது. தன் முகாமையாளரிடம் போய், "முதற் பதிலை நான் சொல்கிறேன் சேர், விடுபட்டதை நீங்கள் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்க வேண்டும். இதை மூன்று முறை ஒத்திகை பார்த்தோம்; நான் முகாமையாளராக இருந்து, முதலில் சிரித்து மழுப்பினேன், இரண்டாம் முறை எரிச்சல்பட்டேன், மூன்றாம் முறை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். உண்மையில் நடந்தபோது அவர் மூன்றாவதைத்தான் செய்தாராம். அடுத்த கூட்டத்தில் அந்த வரியை வாசித்தார், குரல் நடுங்கியது. அதற்கடுத்ததில் வாசித்த வரிக்குப் பின் இன்னொன்றைத் தாள் பாராமல் சொன்னார். ஐந்தாவது மாதம் தலைமை அலுவலகத்தின் ஓர் எண் பிழையென்று சுட்டிக்காட்டினார். கடைசி அமர்வில் என்னிடம் சொன்னது: "நான் கூச்சக்காரி இல்லை சேர், மெதுவாக மொழிபெயர்க்கிறவள்."

இதில் எது வேலை செய்தது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தாளா, தீர்மானமா, முகாமையாளர் சில வினாடிகள் வாயை மூடிக்கொண்டதா? பாதிக்கு மேல் கடைசியது என்பது என் சந்தேகம். ஒரே ஆளை வைத்து இதைச் சோதிக்க வழியில்லை. தன் வாடிக்கையாளர்களின் வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லித் தன் முறையை நிறுவுகிறவர் யாராயினும், நான் உட்பட, இந்த இடத்தில் கையைக் கட்டித்தான் நிற்க வேண்டும். ஆகவே பெருந்தொகையானோரிடம் சோதித்த ஆய்வுகளுக்குப் போவோம்.

'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று இடத்தையும் கணத்தையும் முன்கூட்டியே கட்டிவைக்கும் தீர்மானத்தைப் பற்றி நல்ல சான்று இருக்கிறது. பீற்றர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006 இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் இலக்கு வைத்திருப்பதைவிட இப்படிக் கட்டிவைப்பவர்கள் அதை நிறைவேற்றுவது தெளிவாகவே கூடியது. ஆய்வாளர் அளவுகோலில் அதன் பலம் 0.65, அதாவது நடுத்தரத்துக்குச் சற்று மேல். உளவியலில் இது லேசான எண் அன்று. வேலைத்தளக் கோச்சிங் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2014 இல் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்ததில் எல்லா வகை விளைவுகளிலும் நன்மையே தெரிந்தது. மிகக் குறைந்தது 0.43, மிகக் கூடியது 0.74. கூடியது எதில் தெரியுமா? தன் இலக்கை நோக்கித் தன்னைத் தானே நடத்திக்கொள்வதில். ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கை. 18 என்பது சிறிய தொகை. அவற்றில் பலவற்றில் பயன் கிடைத்ததா என்று கேட்கப்பட்டவர் கோச்சிங் பெற்ற அவரேதான். ஆறு அமர்வுகள் இருந்து பேசிய பிறகு 'எனக்கு ஒன்றும் மாறவில்லை' என்று எழுத மனிதருக்கு எளிதில் கை வராது.

முகாமையாளர் தரும் பின்னூட்டல் பற்றிய ஒரு செய்தி உங்கள் நிலைக்கு நேரடியாகப் பொருந்தும். 1996 இல் அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் பல பத்தாண்டுகளின் ஆய்வுகளிலிருந்து 607 விளைவுகளைத் திரட்டினார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டல் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் பின்னூட்டல் கிடைத்த பின் வேலை மோசமானது. அவர்கள் தந்த விளக்கம், கவனம் செய்யும் காரியத்திலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் மேல் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது. 'கடன் விண்ணப்பத்தில் வருமானச் சான்றைக் கடைசி நாளில் கேட்கிறீர்கள், முதல் நாளே கேளுங்கள்' என்பது காரியத்தைப் பற்றியது. 'மனப்பாங்கை மேம்படுத்திக்கொள்ளுங்கள்' என்பது ஆளைப் பற்றியது. அந்த வரியை வாசித்த பின் உங்களுக்கு இரவில் நித்திரை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்; வராததில் வியப்பில்லை, அந்த வரியில் காலையில் எழுந்து செய்வதற்கு எதுவுமே இல்லை.

இனிச் சந்தேகத்துக்குரிய பகுதி. செயலமர்வில் உங்களுக்கு 'வளரும் மனநிலை' பற்றிப் படம் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். திறமை பிறவியில் அமைந்து முடிந்தது என்று நினைப்பவரைவிட, அது வளரக்கூடியது என்று நினைப்பவர் முன்னேறுவார் என்ற கருத்து. ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தின் கரோல் டுவெக் முன்வைத்தது. கருத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் மேடையில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 2018 இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வொன்றில், இந்த மனநிலைக்கும் மாணவர் பெறுபேற்றுக்கும் இருந்த தொடர்பு 0.10 தான், பெறுபேறுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கை மட்டும் அது விளக்குகிறது என்று பொருள். மனநிலையை மாற்றும் பயிற்சிகளின் விளைவு அதைவிடவும் மெல்லியது, 0.08. 2019 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவரிடம் நடந்த கவனமான சோதனையில், ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த இணையப் பயிற்சி பின்தங்கிய மாணவரின் புள்ளிகளைச் சற்றே உயர்த்தியது. அதிலும் சக மாணவரின் சூழல் அதற்கு ஒத்துழைத்த பாடசாலைகளில்தான் நன்மை தெளிவாகத் தெரிந்தது. இவை எல்லாம் மாணவரைப் பற்றியவை. முப்பது வயதைத் தாண்டிய கடன் உத்தியோகத்தருக்கு இதை அப்படியே பெயர்த்துவைப்பது துணிச்சலான காரியம்.

சூழல் என்ற சொல் வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1990களில் ஏமி எட்மண்ட்சன் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் வாட்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் கூடுதலாக இருந்தன. அங்கே தாதியர் தவறைச் சொல்லப் பயப்படவில்லை. மற்ற இடங்களில் மறைத்தார்கள். பிழையை ஒத்துக்கொண்டவரைக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் நிறுத்திவைத்துப் பேசும் ஒரு கிளையிலிருந்து ஒருவரை மட்டும் தனியே எடுத்து, அவருடைய மனப்பாங்கைத் திருத்தி, அதே கூட்டத்துக்குத் திருப்பியனுப்பினால் மூன்று வாரம் தாங்கும். உங்கள் செயலமர்வு இரண்டு வாரம் தாங்கியதில் உங்கள் குறை என்ன இருக்கிறது?

என் தொழிலின் எல்லையைச் சொல்ல, நான் விட்ட பிழையொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கணக்குப் பிரிவில் வேலைசெய்த ஒருவர், வேலையைத் தள்ளிப்போடுகிறார் என்ற முறைப்பாட்டோடு வந்தார். கெட்டிக்காரர், நகைச்சுவையாகப் பேசுவார். நான்கு அமர்வுகள் நேர ஒழுங்கு, முன்னுரிமை, சிறு படிகள் என்று நன்றாகப் பேசினோம். ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொண்டு போவார், ஒன்றும் நடக்காது. அவர் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவதாக இரண்டாவது அமர்வில் சொல்லியிருந்தார்; பிடித்த கிரிக்கெட்டைக்கூடப் பார்ப்பதில்லை என்று மூன்றாவதில் சொன்னார். நான் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு முன்னுரிமைப் பட்டியலைத் தொடர்ந்தேன். கடைசியில் அவருடைய மனைவிதான் வைத்தியரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு நோய் என்று அடையாளம் கண்டு மருத்துவம் தொடங்கினார்கள். என் நான்கு அமர்வுகள் அவருக்கு ஒரு மாதத்தைத் தாமதமாக்கின, 'இவ்வளவு உதவி கிடைத்தும் என்னால் முடியவில்லையே' என்ற பாரத்தையும் ஏற்றின. இப்போது முதல் அமர்வின் முதற் பத்து நிமிடம் நித்திரை, சாப்பாடு, முன்பு விரும்பிச் செய்தது எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்பதற்கே போகிறது. உங்களுடைய நித்திரையின்மையும் அந்த வரியை வாசித்ததோடு தொடங்கி அதோடு நிற்கிறதா, அல்லது வாரக்கணக்கில் தொடர்ந்து மற்ற எல்லாவற்றிலும் விருப்பத்தைக் குறைத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னதென்றால் கோச்சைத் தேடாமல் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இரண்டுக்கும் 75,000 ரூபாய் தேவையில்லை.

அப்படியில்லை, கோச்சிங்தான் வேண்டும் என்றால், அந்த நபரைப் பற்றிச் சில விடயங்கள். வைத்தியராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். கோச் என்று பெயர்ப்பலகை போட யாரிடமும் எந்தப் பதிவும் வேண்டியதில்லை. 1995 இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் சம்மேளனம் போன்ற அமைப்புகள் தாமாகச் சான்றளிக்கின்றன. அதன் ஆரம்பச் சான்றுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும், அடுத்ததற்கு 125உம் 500உம். சான்று இருந்தால் ஆள் திறமைசாலி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய அட்டையிலிருந்து வேறுபடுத்த உதவும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முதற் சந்திப்பில் அவர் எவ்வளவு பேசுகிறார் என்பது. அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் தன் கதையைச் சொல்கிறவரிடம் ஓர் அமர்வுக்கு 12,500 ரூபாய் கொடுத்து அதையே தொடர்ந்து கேட்க வேண்டியிருக்கும். எந்த நிலை வந்தால் என்னை வேறொருவரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு நிலையே வராது என்பாரானால் எழுந்து வந்துவிடலாம். ஆறுக்கும் முற்பணம் கேட்டால், இரண்டுக்குக் கொடுத்துவிட்டுத் தொடர்வதா என்று பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல கோச் இதற்குக் கோபிக்க மாட்டார். உங்கள் வங்கியே பணம் கட்டுவதாக இருந்தால், அமர்வில் பேசுவதில் எது முகாமையாளருக்குப் போகும், எது போகாது என்பதை மூவரும் ஒன்றாக இருந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். திருகோணமலை சிறிய ஊர். உட்துறைமுக வீதியில் மாலை நடக்கப்போனால் உங்கள் கோச்சும் உங்கள் முகாமையாளரும் ஒரே வாங்கில் இருந்து கச்சான் கொறிப்பதைப் பார்க்க நேரலாம்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை இப்போதைக்கு எடுக்க மாட்டேன். முதலில் முகாமையாளரிடம் போய் ஒரு கேள்வி கேட்பேன்: "அந்த வரியை எழுதும்போது உங்கள் நினைவில் இருந்த சம்பவம் எது சேர்? அதில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" வாதாடும் தொனி வேண்டாம், குறிப்பேட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள். மாத இறுதி வாரத்தில் கேட்காதீர்கள். ஐந்தாம் திகதிக்குப் பிறகு, மதியச் சாப்பாடு முடிந்து கிளை சற்று ஓயும் நேரம் நல்லது. அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னால் உங்களுக்குப் பந்து கிடைத்துவிட்டது. அதை நீங்களே எடுத்து வேலை செய்து பார்க்கலாம், ஒரு மாதம் முயன்றும் கை போகவில்லையென்றால் அப்போது கோச்சிடம் போகலாம், போகும்போது எதற்காகப் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சம்பவம் எதுவும் சொல்ல முடியாமல் அவர் தடுமாறவும் கூடும். நான் முகாமையாளராக இருந்த காலத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் என்னிடம் வந்து இதையேதான் கேட்டார். என்னால் ஒரு சம்பவத்தையும் சொல்ல முடியவில்லை, ஏனெனில் முந்தைய ஆண்டுப் படிவத்தைப் பார்த்து அதே வரியை நான் திரும்ப எழுதியிருந்தேன். அவர் என் முன்னாலேயே படிவத்தை வைத்துவிட்டு, வேறு வரி எழுதித் தரும்வரை காத்திருந்தார்.